ரெண்டு அச்சுதானே, அம்மிணி

"லேத்து என்ன, மில்லிங் என்ன, ரெண்டும் இரும்பச் சீவுற வேலதானுங்களே!"

அக்கா, முன் சீட்டில் அந்த அண்ணன் போனில் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா? விழுந்திருக்காது. எனக்கு விழுந்துவிட்டது. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் பொள்ளாச்சி வரைக்கும் எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். அவரிடம் போய்ச் சொல்ல முடியுமா? எனக்குப் புது ஆட்களிடம் பேசவே வராது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளட்டுமா? ஆடி முடிந்தும் காற்று விடவில்லை.

என் பெயர் மோகனப்பிரியா. குறிச்சிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. மூன்று மில்லிங் மெசின், இப்போது புதிதாக ஒரு லேத்து. எல்லாம் கம்ப்யூட்டர் வைத்த மெசின்கள். எந்த டூல் எங்கே போகவேண்டும், எவ்வளவு வெட்டவேண்டும், எப்படித் திரும்பி வரவேண்டும் என்று வரி வரியாக எழுதி மெசினுக்குக் கொடுப்பது என் வேலை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் படித்தேன். கல்லூரியில் நான்கு வருஷம் கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்ச். கடைசி பெஞ்சை வாத்தியார்கள் கவனிப்பார்கள், அதற்கு முந்தினதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்படி நான் நிறையப் பேசுகிறவள் இல்லை. பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

அந்த அண்ணன் சொன்னதையேதான் எங்கள் முதலாளியும் சொன்னார். வெள்ளிங்கிரி சார். நல்ல மனுஷர். ஆனி மாசக் கடைசியில் ஒரு பழைய லேத்தை வாங்கி, பூஜை போட்டு இறக்கிவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"மில்லிங் தெரிஞ்சவிங்களுக்கு லேத்து என்ன, அம்மிணி? அங்க மூணு அச்சு. இங்க ரெண்டு அச்சுதானே? ஒண்ணு கொறைச்சல்தான். ஆடி முடியற வரைக்கும் சும்மா ஓட்டிப் பழகு. மெசினு சும்மா நின்னா எனக்குத் தூக்கம் வராது."

அச்சு என்றால் டூல் நகர்கிற திசை. ஒன்று குறைச்சலாம். இரண்டு சக்கரம் ஓட்டுகிறவரை ஒரு சக்கரம் ஓட்டச் சொல்வது மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் சாருக்குத் தலையை ஆட்டினேன்.

ஆடி முடியும் வரைக்கும் என்று ஏன் சொன்னார் என்றால், ஆவணி முதல் தேதி ஓசூரிலிருந்து ஒருவர் வேலைக்கு வருவதாக ஏற்பாடு. மாதேஷ் என்று பெயர். லேத்து புரோகிராம் எழுதுகிறவர், மில்லிங்கும் கொஞ்சம் வருமாம். ஆடியில் புது வேலையில் சேர மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். ஆடியில் யாரையும் சேர்க்க மாட்டேன் என்று வெள்ளிங்கிரி சாரும் சொல்லியிருந்தார். அந்த விஷயத்தில் இருவருக்கும் நல்ல பொருத்தம். ஆடியில் லேத்தில் எது ஓடினாலும் அது ட்ரையல். உடைந்தாலும் ட்ரையல், நன்றாக வந்தாலும் ட்ரையல். கணக்கில் வராது.

இதெல்லாம் போகட்டும். அவர் அடுத்துச் சொன்னதுதான் விஷயம்.

"மாதேஷ் வந்தா ரெண்டு பக்கமும் அவரே பாத்துக்குவாரு. நீ படிச்ச புள்ள, இங்கிலீசு தெரியும். முன்னாடி ரூம்புல உக்காந்து கஸ்டமர் போனெல்லாம் எடு. ஏசி இருக்குது. எண்ணெ, இரும்புச் சிலாம்பு ஒண்ணும் இல்ல. உனக்கும் சொகம்."

முன் அறை என்பது போன் அறை. அதுவரைக்கும் அங்கே உட்கார்ந்து போன் எடுத்த கலைவாணி கல்யாணமாகிப் போய்விட்டாள். அக்கா, உங்களுக்குப் புரிகிறதா? நாள் முழுக்க ஹலோ, ஹலோ. முகம் தெரியாதவர்கள் திட்டுவார்கள், நாம் "செய்கிறோம் சார்" என்று சொல்லவேண்டும். ஒரு நாள் கலைவாணி டீக்குப் போன சமயம் அந்தப் போனை நான் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்து ஆள் "பீஸ் ரெடியா?" என்று கேட்டார். ரெடிதான். நான் தலையை ஆட்டினேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார், நான் திரும்பத் திரும்பத் தலையை ஆட்டுகிறேன். கடைசியில் அவர் வண்டி எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

சார் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஏசி அறையில் உட்கார மாட்டேன், அந்த எண்ணெய் வாடைக்குள்ளேயே இருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அதையும் பேசித்தானே சொல்லவேண்டும்?

அதனால் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். ஆவணிக்குள் நான் லேத்தைப் படித்துவிட்டால் லேத்துக்கு வேறு ஆள் எதற்கு? மாதேஷ் வேண்டாம். மாதேஷ் வராவிட்டால் போன் அறைக்கு நான் போகவேண்டாம். இதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்றுவரைக்கும் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

லேத்துக்கும் மில்லிங்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்கள், இல்லையா? கேட்கவில்லையா? சரி, சொல்கிறேன். தேங்காய்த் துருவும் மெசினில் பல் சுற்றும், மூடியை நாம் பிடித்துக்கொண்டிருப்போம். அது மில்லிங். பென்சிலை ஷார்ப்னரில் விட்டுச் சீவும்போது பென்சில் சுற்றும், பிளேடு நிற்கும். அது லேத்து. இவ்வளவுதானா என்றால், இவ்வளவுதான். ஆனால் மூன்று வருஷம் தேங்காய் துருவின கையை ஒரே நாளில் பென்சில் சீவச் சொன்னால், அது பென்சிலையும் தேங்காய் மாதிரிதான் பிடிக்கும்.

முதல் வேலை, ஒரு சாதாரண புஷ். உருளையாக இருக்கும், நடுவில் ஓட்டை. வெளி விட்டம் இவ்வளவு என்று வரைபடத்தில் இருக்கிறது. ஓட்டினேன். லேத்தில் என்னோடு நின்றவர் பூபதி அண்ணன். மில்லிங்கிலிருந்து மாற்றி விட்டிருந்தார்கள், அவருக்கும் லேத்து புதுசுதான். பல்லடம் பக்கம், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. என்னை மேடம் என்பார். எல்லாரும் மேடம் என்று சொன்னால் அது மரியாதை. அவர் சொன்னால் கேலி. குரலைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

பீஸைக் கழற்றி ரெஜினா அக்காவிடம் கொடுத்தார். ரெஜினா அக்கா எங்கள் இன்ஸ்பெக்‌ஷன். அளந்து பார்த்து, "பதினாறு பாயிண்ட் பெருசு" என்றாள்.

எங்கள் ஊரில் பாயிண்ட் என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. பதினாறு பெருசு என்றால் ஒரு பக்கத்துக்கு எட்டு. அதனால் டூலை எட்டு உள்ளே தள்ளு என்று மெசினில் எண் போட்டேன். மில்லிங்கில் அப்படித்தான் செய்வோம். ஓட்டை பெருசானாலும் சிறுசானாலும் பாதி. பாதிதான் எனக்குப் பழக்கம்.

அடுத்த பீஸ் எட்டு பெருசு. நான்கு போட்டேன். அதற்கு அடுத்தது நான்கு பெருசு. இரண்டு போட்டேன். இரண்டு பெருசு.

"மேடம்," என்றார் பூபதி அண்ணன், "நாம அளவு கிட்டப் போயிட்டேதானுங்க இருக்கறோம். ஆவணியே வந்துரும். அளவு வராது."

பக்கத்து மெசினில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. மெசின் பழசு, எங்கேயோ தேய்ந்திருக்கிறது, சொன்னதில் பாதிதான் கேட்கிறது என்றே நினைத்தேன். அதை எழுந்து சாரிடம் சொல்லியிருப்பேன், பேசுகிறவளாக இருந்தால். பேசாததும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

மறுநாள் ரெஜினா அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்ரோமீட்டரின் இரண்டு வாயும் பீஸை இரண்டு பக்கமும் கவ்வுகிறது. ஒரு பக்கம் மட்டும் தொட்டு விட்டத்தை அளக்க முடியாது இல்லையா? பட்டென்று தோன்றியது. லேத்தும் அப்படித்தான் எண்ணுகிறது. பீஸ் சுற்றுகிறதே! டூல் ஒரு பக்கம் எட்டு சீவினால் சுற்றின பீஸில் இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் போய்விடும். அதனால் லேத்தில் எண்ணைப் போடும்போதே விட்டமாகத்தான் போடவேண்டும். பதினாறு என்று சொன்னால் அது தானாக எட்டு நகர்ந்துகொள்ளும். நான் பாதியாக்கிச் சொல்ல, அது மறுபடி பாதியாக்க, நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிப் பாதியாக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். பாவம், மெசினை வேறு பழசு என்று நினைத்துவிட்டேன்.

சோற்றுக் கையோடு எழுந்துவிட்டேன்.

"எங்கடி போற? ரசம் இருக்குது," என்றாள் ரெஜினா அக்கா.

ரசத்துக்கெல்லாம் நேரம் இல்லை. கையைக் கழுவிவிட்டுப் போய் முழு எண்ணையும் போட்டேன். அளவு வந்துவிட்டது. பூபதி அண்ணன் பீஸைத் தூக்கிக் காட்டி, "வந்திருச்சுங்க! மேடம் மெசினோட ராசி ஆயிட்டாங்க" என்று கத்தினார். இதைக் கத்திச் சொல்லவேண்டுமா, அக்கா? வெள்ளிங்கிரி சார் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். அவர் காதில் விழவேண்டும் என்றே கத்தினது போல இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சார் நின்று, புஷ்ஷைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"நல்லாருக்குது. ட்ரையல்தானே," என்றுவிட்டுப் போய்விட்டார்.

பார்த்தீர்களா? கணக்கில் வராது.

டிக்கெட் வாங்கிவிட்டீர்களா? கண்டக்டர் வருகிறார். எனக்கும் சேர்த்து ஒரு பொள்ளாச்சி சொல்லிவிடுங்கள், நான் காசு தருகிறேன். அவர் சில்லறை கேட்பார், எனக்குப் பதில் சொல்ல வராது.

எங்கே விட்டேன்? புஷ். புஷ் முடிந்தது. அடுத்து ஷாஃப்ட். பம்புக்குள் சுற்றுகிற தண்டு. அதுதான் நிஜமான வேலை. கணபதியில் ஒரு பம்ப் கம்பெனிக்காரர் சாம்பிள் கேட்டிருந்தார். அது சரியாக இருந்தால் லேத்துக்கு வருஷம் முழுக்க வேலை. அந்தத் தண்டில் ஒரு முனையில் நட்டுப் போட மரை, நடுவில் ஒரு சின்னக் காடி. ஒரு வளையம் போய் உட்காருகிற அளவுக்குச் சுற்றிலும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை வெட்டுகிற டூல் ஒல்லியாக, நாக்கு மாதிரி இருக்கும். நேராக உள்ளே போய் நேராக வெளியே வரவேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் போயிற்று.

எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் என்ன எழுதினேன் தெரியுமா?

மில்லிங்கில் முதல் பாடம், எந்த வேலை முடிந்தாலும் முதலில் இசட். இசட் என்றால் மேலே கீழே போகிற அச்சு. டூலை மேலே தூக்கிவிட்டால் அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதிலும் இடிக்காது. மூன்று வருஷத்தில் அந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்! யோசிக்கவே வேண்டாம், வெட்டு முடிந்ததும் கை தானாக இசட் போட்டுவிடும். ஆனால் லேத்தில் இசட் படுத்துக்கொண்டிருக்கிறது, அக்கா. தண்டு நீளத்துக்குப் பக்கவாட்டில் போகிற அச்சுக்குத்தான் அங்கே இசட் என்று பெயர். பெயர் அதேதான், குணம் வேறு.

காடி வெட்டி முடிந்தது. டூல் பள்ளத்துக்குள் இருக்கிறது. நான் எழுதினபடி மெசின் இசட்டில் போயிற்று.

டக்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. முறுக்குக் கடிக்கிற சத்தம். பூபதி அண்ணனின் உள்ளங்கை அந்த நிமிஷமே சிவப்புப் பட்டனில் இருந்தது. மெசின் நின்றுவிட்டது. டூலின் நாக்கு இல்லை.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல். சொல்லட்டுமா? மில்லிங்கில் என் புரோகிராம் என்றால் பூபதி அண்ணன் பச்சைப் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவ்வளவு நம்பிக்கை. லேத்தில் மட்டும் நான் எது எழுதினாலும் சிவப்புப் பட்டன்மேல் கையை வைத்துக்கொண்டு, கண் சிமிட்டாமல் நிற்பார். டீயே குடிப்பதில்லை. உடையும், உடையும் என்று எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். ஒருவர் அப்படி நின்றால் நமக்கு எழுத வருமா?

"ஒண்ணும் இல்லீங் மேடம். ட்ரையல்தானே," என்றார். சார் சொன்னதை வைத்துக் கேலி.

அன்றைக்கு எனக்கு லேத்தே வேண்டாம் என்று ஆகிவிட்டது. போய் ஏசியில் உட்கார்ந்து ஹலோ சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பத்து நிமிஷம் நினைத்திருப்பேன். முன் அறையில் போன் அடித்தது. எடுக்க ஆள் இல்லாமல் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து லேத்துக்கே வந்துவிட்டேன்.

தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை, அதுதான் கஷ்டம். அதனால் காலுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வேப்ப மரத்தடிக்குப் போய்விடுவார்கள். ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் ஒரு நடைபாதை இருக்கிறது, அங்கே யாரும் வரமாட்டார்கள். சுவர்தான் தண்டு. நான்தான் டூல். சுவரைப் பார்த்து நேராக நடந்து போவேன், அது வெட்டு. அப்புறம் நேராகப் பின்னால் வருவேன், அதுதான் உள்ளே வெளியே போகிற அச்சு. எக்ஸ். பின்னால் வந்து நின்ற பிறகுதான் பக்கவாட்டில். இசட். வாயாலும் சொல்லிக்கொள்வேன். "முதல்ல எக்ஸ், அப்புறம் இசட். முதல்ல வெளிய வா, அப்புறம் திரும்பு." முன்னே, பின்னே, பக்கத்தில். முன்னே, பின்னே, பக்கத்தில். ஆடிக் காற்றில் மேலே தகரம் வேறு தடதட என்று அடித்துக்கொண்டிருக்கும். யாராவது பார்த்திருந்தால் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நல்லவேளை, ஒருவரும் பார்க்கவில்லை.

அதில் ஒரு வேடிக்கை. இரண்டு நாள் கழித்துப் போனால், அந்த நடைபாதைத் தரையில் சாக்பீஸால் யாரோ பெரிதாக ஒரு படம் போட்டிருக்கிறார்கள். தண்டு மாதிரி நீளமாக ஒரு கோடு, நடுவில் ஒரு ஆள் போய் நிற்கிற அளவுக்குச் சரியாக ஒரு பள்ளம், அம்புக்குறி போட்டு எக்ஸ், இசட். யாருடைய பிள்ளைகளோ வந்து பாண்டி விளையாடியிருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். பிள்ளைகளுக்கு இசட் அச்சு எப்படித் தெரியும்? அப்புறம் ரெஜினா அக்காவின் மேஜையில் சாக்பீஸ் டப்பாவைப் பார்த்தேன். பூபதி அண்ணனின் பேண்ட் முட்டியிலும் வெள்ளையாக இருந்தது. இரண்டு பேரும் தரையில் குந்திக்கொண்டு ஏதோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள். படம் போட அவர்களுக்கு வேறு இடமா இல்லை? எப்படியோ, எனக்கு வசதியாகப் போயிற்று. அந்தப் பள்ளத்துக்குள் நின்று நின்று பழகினேன். காற்றில் அழிந்தால் மறுநாள் புதிதாகப் போட்டிருப்பார்கள். அவர்கள் கணக்கு இன்னும் முடியவில்லை போல.

ஆடி பாதி தாண்டுவதற்குள் கால் கற்றுக்கொண்டுவிட்டது. கால் கற்றுக்கொண்டதும் கையும் கற்றுக்கொண்டது. ஷாஃப்டை மறுபடி எழுதினேன். ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினோம். காடியிலிருந்து டூல் வெளியே வந்தது. நேராக, வெகு தூரம் வந்தது. அப்புறம்தான் திரும்பியது. பூபதி அண்ணன் பட்டன்மேல் இருந்த கையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு என்னவோ அந்த மெசின் பக்கம் நின்றாலே வேர்க்கும்.

சாரிடம் காட்டினோம். "நல்லாருக்குது, நல்லாருக்குது. மாதேஷ் வரட்டும்," என்றார்.

மாதேஷ் வந்தார். ஆவணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஆடி கடைசி வெள்ளிக்கிழமை. வேலையில் சேருவதற்கு இல்லை, சும்மா இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்தார். கம்பெனியில் அன்றைக்கு அம்மனுக்குக் கூழ் ஊற்றியிருந்தோம்.

அக்கா, அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை. கேட்டுக்குள் கால் வைத்தபோது வாயைத் திறந்தவர்தான், மூடவே இல்லை. வாட்ச்மேனிடம் அவர் பிள்ளை எந்த ஸ்கூல் என்று கேட்டுவிட்டார். ரெஜினா அக்காவிடம் கூழுக்கு மோர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்தவர் கதை முழுக்கச் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எப்படித்தான் அப்படிப் பேசுகிறார்களோ!

"மெசினை ஓட்டிக் காட்டுங்க, பாக்கலாம்," என்றார் சார். "பூபதி, அந்த ஷாஃப்ட்டப் போடு."

பூபதி அண்ணன் பச்சைப் பட்டனை அமுக்கினார். தண்டு சுற்றியது, வெளி விட்டம் சீவியது, முனையில் மரை போட்டது. காடி டூல் வந்தது, உள்ளே போயிற்று, வெளியே வந்தது. வெகு தூரம் வெளியே வந்து, அப்புறம் திரும்பியது. ரெஜினா அக்கா அளந்தாள். "எல்லாம் சரியா இருக்குதுங் சார்," என்றாள். கேட்காமலேயே இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னாள்.

மாதேஷ் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூப்பரா வந்திருக்கே சார். யார் எழுதினது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"மேடமுங்க," என்றார் பூபதி அண்ணன்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஒண்ணு, காடியில இருந்து ஏன் அவ்வளவு தூரம் வெளிய வர்றீங்க? கொஞ்சம் வந்தா போதுமே. ஒவ்வொரு பீஸுக்கும் டைம் வீணாப் போகுதே?"

சும்மா இருந்திருப்பேன். சும்மா இருந்துதான் எனக்குப் பழக்கம். ஆனால் அவர் கேட்டது அந்தக் காடியைப் பற்றி. அந்தப் பள்ளத்துக்குள் எத்தனை நாள் நின்றிருக்கிறேன்! மில்லிங்கில் இசட் ஏன் முதலில் என்று ஆரம்பித்தேன். அது லேத்தில் எப்படிப் படுத்துக்கொள்கிறது, படுத்துக்கொண்டதைக் கை எப்படி ஏற்றுக்கொள்ளாது, டூல் எப்படி டக் என்று போயிற்று, பாதிக்குப் பாதி போட்டு அளவை எப்படித் துரத்தினேன், மைக்ரோமீட்டருக்கு ஏன் இரண்டு வாய், எல்லாம் சொன்னேன். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. விளக்கம்தான். மாதேஷே வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், நீங்கள் சொல்வதும் சரிதான், அவ்வளவு தூரம் வேண்டாம், அது என் பயம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே எண்ணைக் குறைத்துப் போட்டு அடுத்த பீஸை ஓட்டினேன். சீக்கிரமாக முடிந்தது. அளவும் சரியாக வந்தது.

நிமிர்ந்து பார்த்தால் மில்லிங் மெசின் மூன்றும் நின்றுபோயிருக்கின்றன. எல்லாரும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சார்," என்றார் பூபதி அண்ணன், "இந்தப் புள்ளைக்கு வாய் இருக்குதுங் சார்!"

அந்த நேரம் பார்த்து முன் அறையில் போன் அடித்தது.

வெள்ளிங்கிரி சார் என்னைப் பார்த்தார். போன் அறையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். எனக்கு அந்த முகம் புரிந்துவிட்டது. இவ்வளவு நேரம் என்னைப் பேச வைத்த அந்தக் காடியை அப்போதுதான் மனசுக்குள் திட்டினேன்.

"அம்மிணி..." என்று ஆரம்பித்தார்.

"சார், மேடத்த இப்ப விட முடியாதுங்," என்றார் பூபதி அண்ணன். "இன்னும் பத்துப் பீஸுக்கு மேடம் நின்னு அளவு பாக்கோணும். இல்லீன்னா அளவு ஓடிப்போயிரும்."

அப்படி ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை. அளவு நிலையாகத்தான் இருந்தது. பூபதி அண்ணனுக்கு லேத்து இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, பாவம்.

"அவ கையெல்லாம் எண்ணெ சார்," என்றாள் ரெஜினா அக்கா. "அந்த வெள்ளப் போனு அழுக்காயிரும்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் நகரவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன் அடிக்குதே சார், யாரும் எடுக்க மாட்டீங்களா?" என்றார் மாதேஷ். அவருக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த தண்டை என்னிடம் கொடுத்துவிட்டு, தானே போய் எடுத்தார். "வணக்கம் சார்! சொல்லுங்க சார். ஆமாங்க, ஷாஃப்ட்தானே? இப்பத்தான் சார் கையில வெச்சுப் பாத்துட்டு வர்றேன், கண்ணாடி மாதிரி வந்திருக்கு. நீங்க எங்கிருந்து பேசறீங்க? கணபதியா? அங்க எங்க மாமா வீடு இருக்கு சார், ஸ்கூலுக்குப் பின்னாடி..." பேசிக்கொண்டே சுற்றுகிற நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கத்து ஆள் சிரிப்பது எங்களுக்கே கேட்டது.

வெள்ளிங்கிரி சார் மெதுவாக அந்த அறை வாசலுக்குப் போனார். நிலையில் சாய்ந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கையை உள்ளே விட்டு ஏசியைப் போட்டார். போட்டுவிட்டு, கதவை வெளியிலிருந்து சத்தமில்லாமல் சாத்தினார்.